விழுந்துகொண்டிருக்கும் பனி

பனிச்சிறுத்தைப் படங்களில் பெரும்பாலானவற்றில் பனி தரையில் கிடக்கும். ஸ்டீவ் வின்டரின் படத்தில் அது விழுந்துகொண்டிருக்கிறது. என் கட்சி முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. லடாக்கின் ஹெமிஸ் தேசியப் பூங்காவில், நேஷனல் ஜியோகிராஃபிக் இதழுக்காக அவர் எடுத்த படம் அது. 2008-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ‘ஆண்டின் சிறந்த காட்டுயிர்ப் புகைப்படக்காரர்’ பரிசைப் பெற்றது. அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல பனிச்சிறுத்தைப் படங்கள் வந்துவிட்டன. கேமராக்கள் பல தலைமுறை தாண்டிவிட்டன. லடாக்குக்கு மாசி மாதத்தில் போகிறவர்களின் எண்ணிக்கையும் பெருகிவிட்டது. ஆனாலும் அந்தப் படத்தை எதுவும் இடம்பெயர்க்கவில்லை என்பது என் துணிபு. தரையில் கிடக்கும் பனி நிலக்காட்சிக்கு உரியது; விலங்கு வருவதற்கு முன்பும் இருக்கும், போன பிறகும் இருக்கும். விழும் பனி நேரத்துக்கு உரியது. அந்த விலங்கு அந்த இரவில், அந்தக் குளிரில், தன் வேலையாகப் போய்க்கொண்டிருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. வெள்ளைப் பின்னணியில் அழகான பூனை ஒன்றை நிறுத்திக் காட்டும் படங்களுக்கு அந்தச் சாட்சி கிடையாது.

படத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். இருட்டு முக்கால், சிறுத்தை கால். மேலிருந்து செதில் செதிலாக இறங்கும் பனி ஃப்ளாஷ் வெளிச்சத்தில் உறைந்து நிற்கிறது. லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் செதில் பெரிதாகக் கலங்கித் தெரியும். விலங்கை ஒட்டியது ஊசிமுனைப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளுக்குள்ளேயே சிறுத்தையின் தோல் புள்ளிகளும் கலந்துவிடுகின்றன. எது உடம்பின் மேல் படிந்த செதில், எது உடம்புக்கு முன்னால் விழுகிற செதில், எது அதன் சொந்த வளையம் என்று கண் ஒரு நொடி தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. அந்தத் தோல் எதற்காக அப்படி அமைந்தது என்பதைப் பாடப்புத்தகம் ஒரு பத்தியில் சொல்லிவிடும். இந்தப் படம் அதைக் கண்ணுக்கே நடத்திக் காட்டுகிறது. வெயிலில் பாறைமேல் படுத்திருக்கும் பனிச்சிறுத்தையைப் பார்த்து ‘எவ்வளவு அருமையாக மறைகிறது’ என்று வியப்பது எளிது. நாலடி தூரத்து வெளிச்சத்தில், நட்டநடுவில் நிற்கும்போதே அது பாதி கரைந்துபோவதை இங்கேதான் காண்கிறோம். இன்னொரு நுட்பமும் உண்டு. பனி கொட்டும்போது ஃப்ளாஷ் லென்ஸுக்கு அருகில் இருந்தால், முதலில் ஒளிர்வது முன்னாலிருக்கும் செதில்கள்தாம். படத்தில் வெள்ளைச் சுவர் ஒன்று எழுந்துவிடும். விளக்குகளைத் தள்ளி, பக்கவாட்டில், வேறு வேறு உயரத்தில் நட்டுவைத்தவனுக்குத்தான் விலங்கின் உடல் உருண்டு திரண்டு கிடைக்கும். விலங்கு குறுக்கே வந்ததும் தானாகப் படமெடுக்கும் தன் கேமரா ட்ராப்களுக்கு வின்டர் ஒளியமைத்த விதம் சினிமா செட்டுக்கு ஒளியமைப்பதை ஒத்தது. செட் தயார், நடிகர் மட்டும் பாக்கி. நடிகர் வருவாரா, வந்தால் எந்த வானிலையில் வருவார் என்பது அவர் கையில் இல்லை.

இங்கேதான் எதிர்க்கட்சி எழுந்து நிற்கும். கதிரைத் தாண்டினது சிறுத்தை, கிளிக் செய்தது கருவி, வின்டர் அப்போது எங்கேயோ இருந்தார்; இதில் கலைஞன் எங்கே என்று கேட்பார்கள். அகச்சிவப்புக் கதிர் அறுந்ததும் தானாக இயங்கும் பெட்டி எடுத்த படத்துக்கு ஒரு மனிதனின் பெயரைப் போடுவது நியாயமா என்பதும் கேட்கத் தகுந்த கேள்விதான். இதற்குத் திருவண்ணாமலைக்காரர்களிடம் ஒரு நல்ல பதில் இருக்கிறது. தருணத்தைப் பிடிப்பதே புகைப்படம் என்று உலகத்தை நம்பவைத்த ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் இந்த ஊரில்தான் இருந்தார். ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். ரமணர் மறைந்த ஏப்ரல் 14 இரவு வானத்தில் நகர்ந்த ஒளியைப் பார்த்துக் கடிகாரத்தையும் பார்த்தார். ஆனால் செங்கம் சாலைக் கடைகளிலும் ஆட்டோக்களிலும் வீட்டுப் பூஜை மாடங்களிலும் மாட்டியிருப்பது அவர் எடுத்த படமல்ல. 1946-இல் ஜி. ஜி. வெல்லிங் எடுத்த மார்பளவுப் படம்தான் எங்கும். உட்காரவைத்து, கேமராவை நிறுத்தி எடுத்த படம். தருணத்தின் ஆசான் வந்துபோன ஊர், ஏற்பாடு செய்து எடுத்த படத்தைத் தேர்ந்துகொண்டது. பக்தி வேறு, ரசனை வேறு என்பீர்கள். சரி, கார்த்திகை தீபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மகாதீபம் மாலை ஆறு மணிக்கு ஏற்றப்படும் என்பது ஊருக்கே தெரியும். கோயிலுக்குள் அர்த்தநாரீசுவரர் சில கணங்கள் காட்சி தருவார், 2,668 அடி உயரத்தில் சுடர் எழும். தருணத்தை யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. லட்சம் பேர் கையில் அதே தருணம். அப்படியும் ஆயிரத்தில் ஒரு படம்தான் படமாகிறது என்றால் காரணம் என்ன? எந்த மாடி, எந்த உயரம், 217 அடி ராஜகோபுரத்தை எங்கே நிறுத்துவது, அடிவானத்துக்கு எவ்வளவு இடம் விடுவது என்று முந்தின வாரமே ஒருவர் முடிவு செய்திருப்பார். விரல் அசைவது கடைசி வேலை, சில்லறை வேலை.

இடத்தைத் தேர்வதுதான் மூலவேலை என்பதைப் பனிச்சிறுத்தை வேறெந்த விலங்கையும் விட நன்றாக நிரூபிக்கிறது. அது குறிப்பிட்ட பாறைகளின் அடியில்தான் சிறுநீர் தெளித்து மணம் வைக்கும். மலைமுகட்டின் ஓரமாகவும் பள்ளத்தாக்கு சந்திக்கும் முனைகளிலும் பழகிய தடத்திலேயே நடக்கும். இதை அறிந்த லடாக்கி கிராமத்தாரின் கண்ணும், அந்தக் கண்ணை நம்பும் பணிவும் இல்லாமல் ஒரு கேமராவைக்கூட உருப்படியாக நட முடியாது. வின்டர் பதினான்கு கேமராக்களை வைத்தார்; குளிர் மைனஸ் நாற்பதைத் தொடும் இடத்தில் மாதக்கணக்கில் பேட்டரியோடும் உறைந்த கம்பிகளோடும் மல்லாடினார். இந்த முறை அவர் கண்டுபிடித்ததும் அல்ல. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைரஸ் எடுத்த இரவுப் படங்களை 1906-இலேயே நேஷனல் ஜியோகிராஃபிக் வெளியிட்டது. நம் நாட்டில் வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன், 1920-களில் சிவாலிக் அடிவாரக் காடுகளில் புலித்தடத்தின் குறுக்கே கம்பி கட்டி, புலியையே தன் படத்தை எடுக்கவைத்தார். 1927-இல் அவை புத்தகமாகவும் வந்தன. இரவுக்கு ஒரே ஒரு ஃப்ளாஷ், ஒரே ஒரு கண்ணாடித்தகடு. பன்றியோ முள்ளம்பன்றியோ கம்பியை மிதித்தால் அன்றைய கதை முடிந்தது. அந்தப் புலிப்படங்களை யாரும் ‘கம்பி எடுத்த படம்’ என்று தள்ளிவிடவில்லை. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போன ஒரு தலைமுறையே அவற்றைப் பார்த்துக் கேமராவின் பக்கம் திரும்பியது. ஜிம் கார்பெட் உட்பட. சாம்பியனுக்குக் கொடுத்த மரியாதையை வின்டருக்கு மறுப்பதற்கு, மின்னணு என்கிற சொல்லைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரு வகையில் பார்த்தால் வின்டருக்குக் கிடைத்தது கூடுதல் சிரமம். சாம்பியனின் புலி ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப வரும். நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டரை ஒரு பனிச்சிறுத்தை தன் வீடாக வைத்துக்கொள்ளக் கூடியது.

நேரில் பார்த்து எடுத்தால்தான் படம் என்பவர்கள் ஜார்ஜ் ஷாலரை முன்னே நிறுத்துவார்கள். 1970 டிசம்பரில் பாகிஸ்தானின் சித்ரால் பகுதியில், காட்டில் வாழும் பனிச்சிறுத்தையை முதன்முதலில் அருகிருந்து படமெடுத்தவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. மறுஆண்டு அவை அச்சேறின. பெரிய சாதனை, மறுக்க மாட்டேன். ஆனால் அந்தச் சந்திப்புக்கு ஆடு ஒன்றைக் கட்டிவைக்க வேண்டியிருந்தது. அதே ஷாலரோடு 1973-இல் நேபாளத்தின் டோல்போவுக்கு நடந்த பீட்டர் மாத்திசன், விலங்கின் பெயரையே தலைப்பாகக் கொண்டு ஒரு நூல் எழுதினார். விலங்கை மட்டும் பார்க்கவில்லை. நேரில் இருப்பது இவ்வளவு அரிதாகும்போது, இருந்தேன் என்பதே படத்தின் பொருளாகிவிடுகிறது. படம் விலங்கைப் பற்றியதாக இல்லாமல், எடுத்தவரின் பொறுமையைப் பற்றியதாகிவிடும். இந்தக் குறையிலிருந்து தப்பியவர் என்று நான் மதிப்பவர் பிரெஞ்சுக்காரர் வின்சென்ட் முனியே. திபெத்தில் பாறையில் அமர்ந்த ஒரு வல்லூறைப் படமெடுத்துவிட்டு வந்து, பல மாதங்கள் கழித்துத்தான் அதே படத்தில் பாறைக்குப் பின்னாலிருந்து பனிச்சிறுத்தை தன்னைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார். 2021-இல் வந்த ஆவணப்படத்தில் இது வருகிறது. அவர் நேரில் இருந்தார், கண்ணால் பார்க்கவில்லை. வின்டர் நேரில் இல்லை, படம் பார்த்தது. இரண்டுக்கும் உள்ள தூரம் எதிர்க்கட்சி நினைப்பதைவிடக் குறைவு.

ரசனையில் எனக்கு உண்மையான போட்டி வேறு பக்கத்திலிருந்து வருகிறது. சாஷா ஃபொன்சேகா லடாக்கில் இரை வைக்காமல், மூன்றாண்டு உழைப்பில், அதே கேமரா ட்ராப் முறையில் எடுத்த படம் 2023-இல் அதே லண்டன் போட்டியின் மக்கள் தேர்வுப் பரிசை வென்றது. பனி மூடிய சிகரங்கள், அந்தி வெளிச்சம், முன்னால் சிறுத்தை. இன்றைக்கு ஓட்டெடுப்பு வைத்தால் வின்டரை அது தோற்கடிக்கும் என்பதில் சந்தேகமில்லை. அதன் பிரம்மாண்டத்தைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. என் தயக்கம் அதன் நிச்சலனத்தைப் பற்றியது. மலை தன் பாட்டுக்கு அழகாக இருக்கிறது, விலங்கு தன் பாட்டுக்கு அழகாக இருக்கிறது. ஒன்று மற்றதன் மேல் எதையும் செய்யவில்லை. வின்டர் படத்தில் வானிலை விலங்கின் மேல் இறங்குகிறது; விலங்கு அதைப் பொருட்படுத்தாமல் நடக்கிறது. இன்னொரு கட்சி, நம் பக்கத்துக் கபினியைக் காட்டும். மிதுன் எச். எடுத்து 2020-இல் பரவிய படத்தில், சிறுத்தைக்குப் பின்னால் கருஞ்சிறுத்தை அதன் நிழலைப் போலவே நிற்கும். தருணக் கட்சிக்கு அதைவிட நல்ல வக்கீல் கிடையாது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த கூட்டம் அதிலிருந்து கற்றது காத்திருப்பை அல்ல. இரண்டு கண்ணும் நேரே கேமராவைப் பார்க்க வேண்டும் என்கிற விதியைத்தான். நேர்ப்பார்வை இல்லாத படத்தைப் போட்டிகளில் இப்போது புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கூடவே 600 மில்லிமீட்டர் லென்ஸ். பின்னணி முழுவதும் வெண்ணெய் மாதிரி உருகி வழியும். எந்தக் காடு, எந்த மரம், எந்தப் பருவம் என்று எதுவும் தெரியாது.

இதைப் பற்றிக் காட்டுயிர்ப் புகைப்படக்காரர் மா. கிருஷ்ணன் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்கத் தேவையில்லை. அவருடைய கறுப்பு-வெள்ளைப் படங்களே சொல்கின்றன. முதுமலையிலும் பந்திப்பூரிலும் யானைமேல் ஏறியும் கால்நடையாகவும் அவர் எடுத்த யானைகளுக்கும் காட்டெருமைகளுக்கும் பின்னால் மூங்கில் மூங்கிலாகத் தெரியும், புல் புல்லாகத் தெரியும். பல கருவிகளின் உறுப்புகளைக் கழற்றித் தானே ஒட்டவைத்த கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயர் வைத்து மகிழ்ந்த மனிதர் அவர். எனவே கருவியின் மேல் அவருக்கு வெறுப்பு இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. கிருஷ்ணன் ரசிகர்கள் வைக்கும் வழக்கு வலுவானது: காட்டில் கால் பதிக்காதவன், விலங்கின் மூச்சு கேட்காதவன், அதைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? கூடவே, நள்ளிரவில் ஒரு மிருகத்தின் முகத்தில் ஃப்ளாஷ் அடிப்பது முறையா? இரண்டாவது கேள்விக்கு முழு விடுதலை தரும் பதில் என்னிடம் இல்லை. வெளிச்சத்தைக் குறைக்கலாம், நேர்முகத்தைத் தவிர்க்கலாம், கேமரா நிற்கும் நாட்களைச் சுருக்கலாம். தொந்தரவு சுழியம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது எதனோடு? ஒரு பனிச்சிறுத்தை இரையை அடித்துவிட்டுப் பாறையில் கிடக்கிறது என்ற செய்தி பரவினால் எதிர்ச்சரிவில் எத்தனை முக்காலிகள் முளைக்கும், எத்தனை நாள் அவை அங்கேயே இருக்கும் என்பதோடுதான். முதல் கேள்விக்கு என் பதில் எளிது. கிருஷ்ணனின் படத்தில் யானைக்குப் பின்னால் மூங்கில் எப்படி இருக்கிறதோ, அப்படித்தான் வின்டரின் சிறுத்தைக்கு முன்னால் பனி இருக்கிறது. இடத்தைத் துடைத்துவிட்டு விலங்கை மட்டும் எடுத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு இருவரும் ஒரே பக்கம் எதிரி.

பனியையே பார்க்காத வெயில் ஊரில் உட்கார்ந்துகொண்டு பனிப்படத்துக்குத் தீர்ப்பெழுதுவதா என்று கேட்கலாம். அதுவே ஒரு தகுதி என்பேன். பனி பெய்யும் நாட்டுக்காரனுக்கு அது கிறிஸ்துமஸ் அட்டை, பள்ளி விடுமுறை, சின்ன வயசு. படத்தில் பனி வந்தாலே மனசு இளகிவிடும். பாதி மதிப்பெண் அங்கேயே போய்விடும். சித்திரை வெயிலில் கிரிவலப் பாதையின் தார் கொதிக்கும் ஊரில் பனிக்கு அந்தச் சலுகை கிடையாது. அது என்ன வேலை செய்கிறது, விலங்குக்கு உதவுகிறதா இடைஞ்சலா என்றுதான் பார்க்கத் தோன்றும். அப்படிப் பார்க்கும்போது சந்தையில் சுற்றும் பனிப்பூனைப் படங்களில் பல உடனே பல்லிளித்துவிடும். புதுப்பனியைச் சிதறடித்துக்கொண்டு, கொழுகொழுவென்று, கேமராவை நோக்கியே பாய்ந்து வரும் பனிச்சிறுத்தைகளில் கணிசமானவை அமெரிக்காவின் மொன்டானா போன்ற இடங்களில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைத்த பண்ணை விலங்குகள். கடாக்களைத் துரத்தி மலைச்சரிவில் உருண்டு பிழைக்கும் மிருகத்தின் காதில், மூக்கில் ஒரு கீறலாவது இருக்க வேண்டாமா?

வின்டர் பரிசு பெற்ற மறு ஆண்டே அதே போட்டியில், வேலியைத் தாண்டிக் குதிக்கும் ஓநாயின் படம் முதல் பரிசு வாங்கியது; 2010 ஜனவரியில் அது பழக்கப்பட்ட ஓநாய் என்று முடிவு செய்து பரிசைத் திரும்பப் பெற்றார்கள். எடுத்தவர் மறுத்தார், நடுவர்கள் ஏற்கவில்லை. அந்தப் படம் ‘தருணம்’ என்ற சொல்லுக்கே உருவம் கொடுத்ததுபோல் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தருணத்தை மட்டும் கும்பிட்டால், தருணத்தைத் தயாரித்துத் தர ஆள் வந்துவிடுவார்கள். இப்போது ஆளும் வேண்டாம். கணினியிடம் கேட்டால் எந்தச் சிகரத்தின் முன்னாலும் எந்தப் பூனையையும் நிறுத்தித் தருகிறது. அதைவிட எனக்கு எரிச்சல் தருவது உண்மையான படங்களுக்குச் செய்யப்படும் சலவை. படத்தில் இரைச்சலை நீக்கும் மென்பொருளுக்குப் பனிச்செதிலும் ஒரு புள்ளி, கறையும் ஒரு புள்ளி. மூடுபனியை விலக்கும் பொத்தானை ஒருவர் அழுத்துகிறார், குறுக்கே வரும் செதில்களை இன்னொருவர் ஒவ்வொன்றாக அழிக்கிறார். சிறுத்தை பளிச்சென்று வந்துவிடுகிறது, அது நடந்துபோன இரவு போய்விடுகிறது. வின்டரின் படம் இந்த வருஷம் முதன்முதலாக வெளியாகியிருந்தால், ‘முகத்துக்கு முன்னால் இவ்வளவு புள்ளியா, துடைத்திருக்கலாமே’ என்று யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள்.

இதற்கு மாற்று எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் போட்டி மேடைகளைக் காட்ட மாட்டேன். 2019 முதல் 2023 வரை நாட்டின் முதல் பனிச்சிறுத்தைக் கணக்கெடுப்பு நடந்தது. 1,971 இடங்களில் கேமரா ட்ராப்கள் வைத்தார்கள். தோல் வளையங்களை ஒப்பிட்டு 241 தனித்தனி விலங்குகளை அடையாளம் கண்டார்கள். மொத்தம் 718 என்று மதிப்பிட்டார்கள், அதில் லடாக்கில் மட்டும் 477. இந்த எண்கள் 2024 ஜனவரியில் செய்தித்தாள்களில் வந்தன. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் படங்கள் வரவில்லை. அவற்றை எடுத்த கேமராக்கள் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. ஒளியமைப்பு கிடையாது, பாதி படங்களில் வால் மட்டும் இருக்கும், பாதியில் ஆடு மேய்ப்பவரின் கால் இருக்கும். இருந்தாலும் நான்கு குளிர்காலம், ஆறு மாநில, யூனியன் பிரதேச மலைகள், ஆயிரக்கணக்கான இரவுகள். அவற்றில் எத்தனையில் பனி விழுந்துகொண்டிருந்திருக்கும்! வளையத்தை எண்ணி முடித்ததும் கோப்பு மூடப்பட்டுவிடும் என்பதுதான் நடைமுறை. கணக்கெடுப்பை ஒருங்கிணைத்த டேராடூன் காட்டுயிர் நிறுவனம், படம் பார்க்கத் தெரிந்த இரண்டு பேரை ஒரு மழைக்காலம் முழுவதும் அந்தக் கோப்புகளுக்கு முன்னால் உட்காரவைக்கலாம். அவர்கள் கையில் மென்பொருள் மட்டும் கொடுக்கக் கூடாது.